எச்.ஐ.வி. உள்ள தாய்க்கும் குழந்தைக்கும் மலேரியாவைச் சரியாகக் கண்டறிவது: பர்மாவில் வேலை பார்ப்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

பர்மாவில் 2010-களில் மலேரியா நன்றாகவே இறங்கியது. 2021-க்குப் பிறகு ஜனங்கள் ஊர் விட்டு ஊர் போனதும், மருந்தும் சோதனைக் கிட்டும் ஒழுங்காகப் போய்ச் சேராததும் சேர்ந்து மறுபடி ஏறிவிட்டது. ரங்கூன் நகரத்துக்குள்ளேயே இருப்பவருக்கு அது வருவது அபூர்வம். மோன் மாநிலத்து ரப்பர் தோட்டம், தனிந்தாரி காட்டோரம், கயின் மலையடிவாரம், கச்சின் சுரங்கம் என்று போய்வருகிறவர்களுக்குத்தான் வருகிறது. தட்டோன், மோல்மேன் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் இப்படிப் போய்வருகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

கிராமத்து மலேரியா தன்னார்வலர், நர்ஸ், சின்ன ஊர் லேபில் மைக்ராஸ்கோப்பில் ரத்த ஸ்லைடு பார்க்கிறவர் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். வீட்டில் எச்.ஐ.வி. மருந்து எடுக்கும் பெண்ணோ குழந்தையோ இருந்தால், குடும்பத்தாருக்கும் 1, 2, 8 ஆகிய படிகள் உதவும். நான் லேப் பக்கத்து ஆள். அதனால் சோதனையைப் பற்றி நிறையவும் மருந்தைப் பற்றிக் கொஞ்சமும் சொல்வேன்.

எச்.ஐ.வி. இருப்பவரிடம் மலேரியா சோதனை இரண்டு பக்கமும் ஏமாற்றும். ஒரு நெகட்டிவை நம்பி வீட்டுக்கு அனுப்பிவிட்டால், ஒளிந்திருந்த மலேரியா மூன்றாம் நாள் ஆளைச் சாய்த்துவிடலாம். பாசிட்டிவ் வந்ததும் தேடுவதை நிறுத்திவிட்டால், கூடவே இருந்த காசநோயோ மூளைக்காய்ச்சலோ தப்பிவிடும். இரண்டாவது தவறைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. ஆனால் நெகட்டிவைச் சந்தேகிக்கக் கற்றுக்கொண்டவர்கள்கூட பாசிட்டிவைச் சந்தேகிப்பதில்லை என்பதால் அதுதான் எனக்கு அதிகக் கவலை.

படி 1: யாரைச் சோதிப்பது

கை வைத்துப் பார்க்கும்போது உடம்பு சுட்டால்தான் சோதனை என்று இருக்கக் கூடாது. இரண்டு நாளுக்குள் காய்ச்சல் வந்து போயிருந்தாலே போதும். மலேரியாக் காய்ச்சல் விட்டுவிட்டு வரும். கிளினிக்குக்கு வரும் நேரத்தில் தணிந்திருக்கலாம். அதிலும் வழியில் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு வராதவர்கள் குறைவு.

காய்ச்சலே இல்லாவிட்டாலும் சோதிக்க வேண்டியவர்கள் உண்டு. காரணம் தெரியாமல் ரத்தம் குறைந்த கர்ப்பிணி, பால் குடிக்காமல் சோர்ந்து கிடக்கும் கைக்குழந்தை, மலேரியா உள்ள தாய்க்குப் பிறந்த சிசு ஆகியோர் அவர்கள்.

போய்வந்த கதையை நிதானமாகக் கேளுங்கள். "காட்டுக்குப் போனீர்களா?" என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும், ஏனென்றால் ரப்பர் தோட்டத்தை யாரும் காடு என்று நினைப்பதில்லை. ராத்திரி எங்கே தங்கினீர்கள், விடியும் முன் பால் வெட்டப் போனீர்களா, வீட்டுக்காரர் எங்கே வேலை செய்கிறார், குழந்தையை யார் வீட்டில் விட்டிருந்தீர்கள் என்று கேட்டால் உண்மை வரும். பால்சிபாரம் வகை பெரும்பாலும் கடி பட்ட ஒன்றிரண்டு வாரத்தில் தெரியும். வைவாக்ஸ் வகை ஈரலில் தூங்கிக் கிடந்து வாரங்கள், மாதங்கள் கழித்துத் திரும்பும். ஆகவே "போன வாரம் எங்கும் போகவில்லை" என்பதை வைத்து மட்டும் மலேரியாவைத் தள்ளிவிட முடியாது.

இன்னொன்று நம் வீடுகளுக்கே உரியது. குழந்தைக்குக் காய்ச்சலோடு கொப்புளம் வந்துவிட்டால் அம்மை என்று வேப்பிலை வைத்து, வெளியாளை உள்ளே விடாமல், மருந்தும் கொடுக்காமல் இருப்பார்கள். அம்மனை வணங்குவதைப் பற்றி எனக்கு எந்த விவாதமும் இல்லை. வேப்பிலை இருக்கட்டும், விரலில் ஒரு சொட்டு ரத்தமும் எடுத்துவிடுங்கள் என்று சொன்னால் பெரும்பாலான பாட்டிமார் ஒத்துக்கொள்கிறார்கள்.

படி 2: சோதனைக்கு முன் ஆபத்து அடையாளங்கள்

குடிக்கவோ தாய்ப்பால் உறிஞ்சவோ முடியாமை, குடித்ததெல்லாம் வாந்தி, வலிப்பு, கூப்பிட்டால் சரியாக விழிக்காமை, மூச்சு வேகம், கண் மஞ்சளாவது, கருஞ்சிவப்புச் சிறுநீர், உள்ளங்கை வெளுத்துப் போவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் கிட் போட்டுக்கொண்டே வண்டிக்குச் சொல்லிவிடுங்கள். முடிவுக்காக ஆளை உட்கார வைக்காதீர்கள்.

சர்க்கரை பார்க்கும் கருவி இருந்தால் உடனே பாருங்கள். கடும் மலேரியாவில் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ரத்தச் சர்க்கரை சட்டென்று விழும். 40 மி.கி./டெ.லி.-க்குக் கீழே போனால் அதுவே தனி அவசரம். ஹீமோகுளோபின் குழந்தையிடம் 5 கிராமுக்குக் கீழே, பெரியவரிடம் 7 கிராமுக்குக் கீழே (ஒரு டெசிலிட்டரில்) இருந்து, ரத்தத்தில் கிருமியும் ஏராளமாக இருந்தால் அதைக் கடும் மலேரியா என்றே எடுக்க வேண்டும்.

ஆஸ்பத்திரி தூரமாக இருந்து, ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கடும் மலேரியா என்று சந்தேகம் வந்தால், ஆசனவாயில் வைக்கும் ஆர்ட்டிசுனேட் வில்லை கையிருப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். வழியில் ஆகும் நேரத்துக்காகவே செய்யப்பட்டது அது. வைத்துவிட்டு, அதோடு நிறுத்தாமல், ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும்.

படி 3: தனியாக ஒரு பேச்சு

ஒருவருக்கு எச்.ஐ.வி. இருப்பது உங்களுக்குத் தெரிந்தால்தான் சோதனையின் பொருளைச் சரியாகச் சொல்ல முடியும். ஆனால் அந்தப் பெண் மாமியாரோடு வந்திருப்பாள், பக்கத்து வீட்டு அக்கா குழந்தையைப் பிடித்துக்கொண்டிருப்பார். அந்த இடத்தில் கேட்கவே கூடாது. எடை பார்க்க, சிறுநீர் எடுக்க என்று ஏதாவது சொல்லித் தனியாக அழைத்துப்போய், "அக்கா, தினமும் சாப்பிடுகிற மாத்திரை ஏதாவது இருக்கிறதா? நான் யாரிடமும் சொல்ல மாட்டேன், மருந்து சேருமா என்று பார்க்கத்தான்" என்று கேளுங்கள். "இருக்கு சயாமா" (சயாமா என்றால் பர்மியத்தில் டீச்சரம்மா, நர்ஸம்மா) என்று மெல்லப் பதில் வந்தால் மாத்திரைப் பட்டையையோ ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. மருந்து) புத்தகத்தையோ காட்டச் சொல்லுங்கள்.

குறித்துக்கொள்ள வேண்டியவை: எந்த ஏ.ஆர்.டி. மருந்துகள், எப்போது தொடங்கியது, வேறு தொற்று வராமல் தடுக்கும் கோட்ரிமாக்சசோல் எடுக்கிறாரா, கடைசி சி.டி.4 (எதிர்ப்புச் சக்தி தரும் அணுக்களின் எண்ணிக்கை) எவ்வளவு, காசநோய் மருந்து உண்டா, கடந்த இரண்டு மாதத்தில் மலேரியாவுக்கு மருந்து சாப்பிட்டாரா. கடைசிக் கேள்வி மிக முக்கியம். ஏன் என்று 4-ஆம் படியில் தெரியும்.

ஸ்லைடின் மேலும் கிட்டின் மேலும் எண் மட்டும் எழுதுங்கள். எச்.ஐ.வி. என்ற எழுத்துகள் அங்கே தேவையில்லை. சின்ன ஊரில் லேப் மேசை என்பது பாதி டீக்கடை மாதிரி, யார் வேண்டுமானாலும் எட்டிப் பார்ப்பார்கள்.

"கோட்ரிமாக்சசோல் சாப்பிடுகிறார், மலேரியா வராது" என்ற பேச்சு ஒன்று உண்டு. அந்த மருந்துக்கு மலேரியாக் கிருமியை அடக்கும் சக்தி கொஞ்சம் இருப்பது உண்மை. ஆப்பிரிக்காவில் அதனால் நல்ல பலனும் கிடைத்திருக்கிறது. நம் பகுதியிலோ அந்த வகை மருந்துகளுக்குக் கிருமி பழகிப்போய் வெகுகாலம் ஆகிறது. கேடயமாக நம்ப முடியாது. கிருமி எண்ணிக்கையைக் கொஞ்சம் அமுக்கி வைத்து, சோதனையில் கண்ணுக்குத் தப்ப வைக்கவும் கூடும்.

படி 4: ரேபிட் கிட்

பர்மாவில் புழங்கும் கிட்டில் பெரும்பாலும் மூன்று கோடுகளுக்கு இடம் உண்டு: கட்டுப்பாட்டுக் கோடு, பால்சிபாரம் கோடு, வைவாக்ஸ் கோடு. பால்சிபாரம் கோடு எச்.ஆர்.பி.2 என்ற புரதத்தைப் பிடிக்கும். வைவாக்ஸ் கோடு எல்.டி.எச். என்ற நொதியைப் பிடிக்கும். இந்த இரண்டின் குணமும் வேறு என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது.

செய்முறை எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் தவறுகள் திரும்பத் திரும்ப இதே இடங்களில்தான் நடக்கின்றன. மழைக்காலத்தில் பையைப் பிரித்து வைத்துவிட்டு விரலைத் துடைக்கப் போனால், அதற்குள் அட்டை ஈரத்தை இழுத்துக்கொள்ளும். முதலில் எல்லாம் தயார் செய்து, கடைசியில் பையைப் பிரியுங்கள். ஸ்பிரிட் காய்ந்த பிறகே குத்துங்கள். முதல் சொட்டைத் துடைத்துவிட்டு இரண்டாவதை எடுங்கள். திரவத்தைக் கிட்டோடு வந்த புட்டியிலிருந்தே விடுங்கள். வேறு கம்பெனி கிட்டின் மிச்சத் திரவம் ஆகாது. படிக்கும் நேரம் தாளில் 15 நிமிடம் என்றால் 15, 20 என்றால் 20. முன்னால் பார்த்தால் மெல்லிய கோடு தப்பும். ரொம்ப நேரம் கழித்துப் பார்த்தால் இல்லாத கோடு தெரியும். மங்கலாக ஒரு கோடு தெரிந்தாலும் அது பாசிட்டிவ்தான். கட்டுப்பாட்டுக் கோடு வராவிட்டால் முடிவே இல்லை, புதுக் கிட் எடுங்கள். தகரக் கூரைக்குக் கீழே அலமாரியில் வெந்துகொண்டிருந்த பெட்டியையும் நம்ப வேண்டாம்.

இனி கிட் ஏமாற்றும் இடங்கள்.

எச்.ஆர்.பி.2 கிருமி செத்த பிறகும் ரத்தத்தில் வாரக்கணக்கில் சுற்றும், சிலரிடம் ஒரு மாதத்துக்கும் மேல். மூன்று வாரம் முன்பு பால்சிபாரத்துக்கு மருந்து முடித்த பெண் இன்று புதுக் காய்ச்சலோடு வந்தால், கிட்டில் கோடு விழும். அது பழைய கணக்காக இருக்கலாம். ஸ்லைடு பார்க்காமல் இரண்டாம் முறை மருந்து கொடுத்தால், உண்மையான காய்ச்சலுக்குக் காரணம் தேடாமல் விடப்படும். எச்.ஐ.வி. உள்ளவருக்குக் காய்ச்சல் வரக் காரணங்கள் நிறைய, ஆகவே இந்த ஏமாற்று இவர்களிடம்தான் அதிகம் நடக்கும். எல்.டி.எச். அப்படி இல்லை, கிருமி செத்தால் சில நாளில் அதுவும் போய்விடும்.

மறுபக்கம், கிருமி குறைவாக இருந்தால் கிட் பிடிக்காது. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் நூறு இருநூறுக்குக் கீழே போனால் சந்தேகம்தான். வைவாக்ஸ் இயல்பாகவே எண்ணிக்கை குறைவாக ஓடும் கிருமி, அதனால் அதன் கோடு அடிக்கடி தப்பும். அபூர்வமாக நேர்மாறும் உண்டு: கிருமி அளவுக்கு மீறிப் பெருகியிருக்கும்போது பால்சிபாரம் கோடு மங்கிவிடலாம், வராமலும் போகலாம். ஆள் மோசமாக இருந்து கிட் நெகட்டிவ் என்றால் ஸ்லைடைத் தவிர வேறு வழியில்லை. எச்.ஆர்.பி.2 மரபணுவே இல்லாத பால்சிபாரம் எரித்திரியா, எத்தியோப்பியா பக்கம் பெரிய தலைவலியாக இருக்கிறது. இங்கே ஒரு நெகட்டிவுக்கு முதல் விளக்கமாக அதைத் தேட வேண்டாம். குறைந்த எண்ணிக்கை, கெட்டுப்போன கிட், அவசரமான கை ஆகிய மூன்றையும் பார்த்துவிட்டு அப்புறம் அங்கே போகலாம்.

படி 5: ஸ்லைடு

கிட் போட்ட அதே விரலிலிருந்து தடித்த பூச்சும் மெல்லிய பூச்சும் எடுத்துவிடுங்கள். மருந்து தொடங்கும் முன்பே எடுக்க வேண்டும். தடித்த பூச்சு "இருக்கிறதா" என்பதைச் சொல்லும், மெல்லியது "எது" என்பதைச் சொல்லும்.

தடித்த பூச்சு ஒரு சென்டிமீட்டர் வட்டமாக, ஈரமாக இருக்கும்போது அடியில் வைத்த செய்தித்தாள் எழுத்து படிக்கத் தெரியும் அளவுக்கு இருக்கட்டும். படுக்க வைத்துக் காய வையுங்கள். ஆடி ஆவணி மழையில் காய வெகுநேரம் ஆகும், அதற்காக அடுப்புப் பக்கம் வைத்தால் சூட்டிலேயே ரத்தம் இறுகிப்போய்ச் சாயம் ஏறாது. ஈ மொய்க்காமல் மூடுங்கள். ஈக்கள் பூச்சைத் தின்றுவிடும். மெத்தனாலை மெல்லிய பூச்சில் மட்டும் தொட வையுங்கள்; தடித்ததில் பட்டுவிட்டால் அந்தப் பூச்சு வீண். கீம்சாச் சாயம் அவசரத்துக்கு 10 சதவீதத்தில் பத்து நிமிடம், நிறைய ஸ்லைடு சேர்ந்தால் 3 சதவீதத்தில் முக்கால் மணி நேரம். தண்ணீரின் பி.எச். 7.2 இருக்க வேண்டும். கிணற்றுத் தண்ணீரை அப்படியே கலந்துவிட்டு "சாயம் சரியில்லை" என்று புட்டியைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை.

எண்ணெய் லென்ஸில் குறைந்தது 100 வட்டங்கள் பார்த்த பிறகுதான் நெகட்டிவ் என்று எழுதலாம். எச்.ஐ.வி. உள்ள தாய், குழந்தை என்றால் நான் 200 வட்டம் பார்ப்பேன். சட்டம் ஒன்றும் இல்லை, கூடுதலாக ஆகும் நேரம் வீண் போகாது என்பதுதான். வெள்ளணுக்களுக்குள் பழுப்பு நிறமிப் புள்ளிகள் தெரிகின்றனவா என்றும் பாருங்கள். கிருமி ஒன்றும் கண்ணில் படாமல் அந்த நிறமி மட்டும் தெரிந்தால், அண்மையில் மலேரியா இருந்திருக்கிறது அல்லது எங்கோ ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம்.

ரத்தம் குறைந்தவர்களிடம் சிவப்பணு மேல் ஒட்டிய தட்டணுக்களைக் கிருமி என்று எழுதிவிடுவது சாதாரணமாக நடக்கிறது. குரங்குகளிடமிருந்து வரும் நோலெசி வகையும் தாய்லாந்து எல்லைப் பக்கம் பதிவாகியிருக்கிறது. அதன் இளம் வளையம் பால்சிபாரம் மாதிரியும், முதிர்ந்த வடிவம் மலேரியே வகை மாதிரியும் தெரியும். ஆள் மோசமாக இருந்து ஸ்லைடில் "மலேரியே" என்று தோன்றினால் இந்தப் பெயர் நினைவுக்கு வரட்டும்.

படி 6: எண்ணிக்கை

இந்தப் படியைப் பல கையேடுகள் அழுத்திச் சொல்வதில்லை, எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் இதுதான் தடம் புரளும் இடம்.

வழக்கமான கணக்கு இப்படி. 200 வெள்ளணு எண்ணும் வரை எத்தனை கிருமி தெரிகிறது என்று எண்ணுவோம். நூறுக்குக் குறைவாக இருந்தால் 500 வெள்ளணு வரை தொடர்வோம். பிறகு வெள்ளணுவால் வகுத்து 8,000-ஆல் பெருக்குவோம். அந்த 8,000 என்பது ஒரு மைக்ரோலிட்டரில் ஒருவருக்குச் சராசரியாக இருக்கும் வெள்ளணு என்ற ஊகம்.

எச்.ஐ.வி. முற்றியவரிடமோ, சிடோவுடின் என்ற எச்.ஐ.வி. மருந்தோ கோட்ரிமாக்சசோலோ எடுப்பவரிடமோ வெள்ளணு 3,000 இருந்தால்? 200 வெள்ளணுவுக்கு 500 கிருமி எண்ணினீர்கள் என்று வையுங்கள். ஊகக் கணக்கில் 20,000 வரும். உண்மையில் 7,500. அதே ஸ்லைடு, வெள்ளணு 14,000 உள்ள ஒரு குழந்தையுடையது என்றால் உண்மை 35,000. ஒரே எண்ணிக்கை ஒருவரிடம் மிகையாகவும் இன்னொருவரிடம் குறைவாகவும் நோயைக் காட்டுகிறது. ஆகவே முடிந்தால் அன்றே வெள்ளணு எண்ணிக்கையும் எடுத்து அதைக் கணக்கில் போடுங்கள். முடியாவிட்டால் "8,000 என்று வைத்து" என்று தாளில் எழுதிவிடுங்கள். மூன்றாம் நாள் ஸ்லைடை ஒப்பிடும் டாக்டருக்கு அந்த ஒரு வரி உதவும்.

படி 7: கர்ப்பிணி

பால்சிபாரம் பிடித்த சிவப்பணுக்கள் நஞ்சுக்கொடியில் ஒட்டிக்கொள்ளும். விரல் நுனி ரத்தத்தில் ஒன்றும் தெரியாமல், நஞ்சுக்கொடி நிறையக் கிருமி இருக்கும் நிலை உண்மையிலேயே நடக்கிறது. முதல் பிரசவத்தில் இது அதிகம், அடுத்தடுத்த பிரசவங்களில் உடம்பு பழகிக்கொள்ளும் என்பது மலேரியா மிகுந்த ஊர்களில் கண்ட விதி. எச்.ஐ.வி. அந்தப் பழக்கத்தைக் கெடுத்துவிடுகிறது. ஆகவே "இது மூன்றாவது பிள்ளை, பயமில்லை" என்ற கணக்கு எச்.ஐ.வி. உள்ள பெண்ணுக்குப் பொருந்தாது. அதுவும் மலேரியா குறைந்த நம் ஊர்களில், கிருமியே அதிகம் காணாத உடம்புக்கு எந்தப் பிரசவத்திலும் எதிர்ப்பு பெரிதாக இருக்காது.

கர்ப்பிணியிடம் கிட் பாசிட்டிவ், ஸ்லைடு நெகட்டிவ் என்று வந்தால் இரண்டு விளக்கம் உண்டு. ஒன்று, மேலே சொன்ன பழைய எச்.ஆர்.பி.2. இன்னொன்று, கிருமி நஞ்சுக்கொடியில் இருந்துகொண்டு புரதத்தை மட்டும் ரத்தத்தில் விடுவது. அண்மையில் மருந்து சாப்பிட்டாரா என்ற 3-ஆம் படிக் கேள்வியே இரண்டையும் பிரிக்கும். சாப்பிடவில்லை என்றால் இதை மலேரியாவாகவே எடுத்து டாக்டரிடம் அனுப்புங்கள்.

ஒரே ஒரு சோதனையை நம்பாமல் அடிக்கடி பார்ப்பதுதான் நம் பகுதிக்கு ஏற்ற வழி. தாய்லாந்து எல்லையில் 1986-இல் தொடங்கிய ஷோக்லோ மலேரியா ஆய்வுப் பிரிவு, முகாமில் இருந்த கர்ப்பிணிகளை வாராவாரம் விரலில் குத்திப் பார்த்து, நோய் தெரிந்ததும் மருந்து கொடுத்தது. தடுப்பு மாத்திரைகள் பலிக்காத இடத்தில் அந்த முறை தாய்மார் சாவை வெகுவாகக் குறைத்தது. உங்கள் ஊரில் வாராவாரம் முடியாவிட்டாலும், மழைக்காலத்தில் ஒவ்வொரு கர்ப்பப் பரிசோதனையின்போதும், தோட்டத்திலிருந்து திரும்பிய ஒவ்வொரு முறையும் பார்க்கலாம்.

கர்ப்பிணிக்கு உடம்பு தூக்கிப்போடும் குளிர் வந்தால் சிறுநீரையும் பாருங்கள். சிறுநீரகத்தில் தொற்று ஏறினால் வரும் நடுக்கத்தை மலேரியாவிலிருந்து பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது.

படி 8: நெகட்டிவ் வந்தால்

காய்ச்சல் விடவில்லை என்றால் 12 முதல் 24 மணி நேரத்துக்கு ஒரு முறை, மொத்தம் மூன்று ஸ்லைடு வரை எடுங்கள். மூன்றும் நெகட்டிவ் என்றால் மலேரியா இருப்பது வெகு அபூர்வம். கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். சோதனை பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். அது நுட்பமானதுதான், ஆனால் ரத்தம் ரங்கூன் போய் முடிவு திரும்பி வருவதற்குள் ஆள் தேறியிருப்பார் அல்லது போயிருப்பார். படுக்கைப் பக்கத்து முடிவுக்கு அது உதவாது.

மலேரியா மருந்தை "எதற்கும் இருக்கட்டும்" என்று கொடுத்து அனுப்பாதீர்கள். காத்திருக்கும் நேரத்தில் வேறு காரணங்களைத் தேடுங்கள். இங்கே எச்.ஐ.வி. உள்ளவரிடம் முதலில் வர வேண்டியவை இவை:

- தலைவலி நாள்கணக்கில், வாந்தி, கழுத்து விறைப்பு: கிரிப்டோகாக்கஸ் மூளைக்காய்ச்சல். சி.டி.4 நூறுக்குக் கீழே என்றால் ரத்தத்தில் அதற்கான சோதனையைக் கேட்டே ஆக வேண்டும்.
- இருமல், எடை குறைவு, ராத்திரி வியர்வை: காசநோய். சளி வராத குழந்தையிடம் "இருமல் இல்லை" என்பதை வைத்து விட்டுவிடக் கூடாது.
- முகத்தில், கையில் நடுவில் குழி விழுந்த சின்னக் கட்டிகள்: டலாரோமைசிஸ் என்ற பூஞ்சை நோய். நம் பகுதிக்கே உரியது. அம்மை என்று நினைத்துவிடுவார்கள்.
- அக்குள், தொடை இடுக்கில் சிகரெட் சுட்டது போன்ற கறுப்புப் புண்: உண்ணிக் காய்ச்சல் வகையான ஸ்க்ரப் டைபஸ். உடையைக் கழற்றிப் பார்க்காமல் தெரியாது.
- மழைக்காலத்தில் திடீர்க் காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி: டெங்கு. முதல் ஐந்து நாளில் என்.எஸ்.1 சோதனை உதவும்.
- புதிதாக அபகாவிர் என்ற எச்.ஐ.வி. மருந்து தொடங்கிய குழந்தைக்குக் காய்ச்சலும் தடிப்பும்: மருந்து ஒவ்வாமையாக இருக்கலாம். அன்றே டாக்டரிடம் போக வேண்டும். தானாக நிறுத்தித் திரும்பத் தொடங்குவது உயிருக்கே ஆபத்து.

படி 9: பாசிட்டிவ் வந்தால்

மலேரியாவுக்கு மருந்து உடனே தொடங்க வேண்டும், அதில் பேச்சே இல்லை. ஆனால் மேலே உள்ள பட்டியலை மறுபடி ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். மருந்து தொடங்கி மூன்றாம் நாளும் காய்ச்சல் குறையாமல், ஸ்லைடில் கிருமி குறைந்திருந்தால், காய்ச்சலுக்கு இரண்டாவது காரணம் இருக்கிறது. கிருமியும் குறையவில்லை என்றால் மருந்து பலிக்கவில்லை. மேக்கோங் நாடுகள் முழுக்க ஆர்ட்டிமிசினின் வகை மலேரியா மருந்துக்கு எதிர்ப்பு பரவியிருப்பதால் மூன்றாம் நாள் ஸ்லைடை விட்டுவிடக் கூடாது. இதைக் கிட்டில் பார்க்க முடியாது.

ரத்தக் குறைவையும் மலேரியாவின் தலையில் மட்டும் போடாதீர்கள். சிடோவுடின், கொக்கிப்புழு, இந்த நாட்டில் சாதாரணமாகக் காணும் ஹீமோகுளோபின் ஈ, தலசீமியா எல்லாமே ஹீமோகுளோபினைக் குறைக்கும்.

டாக்டரிடம் அனுப்பும் தாளில் ஏ.ஆர்.டி. மருந்தின் பெயர் கண்டிப்பாக இருக்க வேண்டும். எஃபாவிரென்ஸ் என்ற எச்.ஐ.வி. மருந்து எடுப்பவரிடம் லுமெஃபான்ட்ரின் என்ற மலேரியா மருந்தின் அளவு ரத்தத்தில் குறைந்துவிடும், மலேரியா திரும்ப வாய்ப்பு அதிகம், காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினும் அப்படியே. டோலுடெக்ராவிர் என்ற எச்.ஐ.வி. மருந்தோடு அந்தத் தொல்லை இல்லை. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்திலும் ஆர்ட்டிமீதர்-லுமெஃபான்ட்ரின் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் சொல்லிவிட்டது. வைவாக்ஸை ஈரலிலிருந்து விரட்டும் ப்ரிமாகுவினைக் கர்ப்பிணிக்கும் ஆறு மாதத்துக்குட்பட்ட சிசுவுக்கும் கொடுக்கக் கூடாது. மற்றவர்களுக்கும் ஜி6பிடி (சிவப்பணுவைக் காக்கும் நொதி; அது குறைந்தவரிடம் இந்த மருந்து சிவப்பணுவை உடைத்துவிடும்) பார்த்த பிறகே. பாலூட்டும் தாய் என்றால் குழந்தையின் ஜி6பிடியும் தெரிந்திருக்க வேண்டும்.

படி 10: மலேரியா எச்.ஐ.வி. சோதனையைக் குழப்பும் இடம்

மலேரியாக் காய்ச்சலின்போது சில எச்.ஐ.வி. சோதனைகள் பொய்யாகப் பாசிட்டிவ் காட்டியதாகப் பதிவுகள் உண்டு. ஒரே கிட்டை வைத்து ஒரு பெண்ணிடம் உனக்கு எச்.ஐ.வி. என்று சொல்லிவிடாதீர்கள். வெவ்வேறு வகையான அடுத்த சோதனைகளும் ஒத்துவந்த பிறகே சொல்லுங்கள்.

ஏற்கெனவே மருந்தில் இருப்பவரிடம் வேறு குழப்பம். மலேரியா வந்தால் வைரஸ் எண்ணிக்கை தற்காலிகமாக ஏறும், சி.டி.4 இறங்கும். அந்த வாரத்தில் ரத்தம் எடுத்தால் "மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடவில்லை" என்று பழி விழும். மலேரியா குணமாகி ஒரு மாதமாவது கழித்து எடுக்கச் சொல்லுங்கள். இந்தப் பழியைச் சுமந்த பெண்களைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இதற்குத் தனிப் படி.

பதினெட்டு மாதத்துக்குட்பட்ட குழந்தையிடம் ரேபிட் எச்.ஐ.வி. பாசிட்டிவ் என்பது தாயின் எதிர்ப்புப் பொருளாக இருக்கலாம். வைரஸையே தேடும் சோதனை வேண்டும். முதல் தடவை நான்கு முதல் ஆறு வாரத்தில் எடுப்பார்கள். மலேரியா சோதனைக்கு அந்தச் சிக்கல் இல்லை. கிட்டில் கோடு விழுந்தால் அது கிருமியின் புரதம்தான்.

படி 11: பிறந்த குழந்தை

கர்ப்பத்தின் கடைசி வாரங்களில் தாய்க்கு மலேரியா இருந்திருந்தால் பிரசவத்தின்போது தாய் ரத்தம், தொப்புள்கொடி ரத்தம், நஞ்சுக்கொடியின் தாய்ப் பக்கத்தில் கீறி எடுத்த ரத்தம் என்று மூன்று ஸ்லைடு போடுங்கள். நஞ்சுக்கொடியைப் புதைக்க வீட்டார் கேட்பார்கள். பூச்சு எடுத்துவிட்டுக் கொடுத்தால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

சிசுவின் குதிகாலில் குத்தி ஒரு ஸ்லைடு எடுங்கள், அடுத்த சில வாரங்களில் காய்ச்சலோ, பால் குடிக்காமையோ, மஞ்சளோ, வெளுப்போ வந்தால் மறுபடி எடுங்கள். பிறந்த ஏழு நாளுக்குள் கிருமி தெரிந்தால் தாயிடமிருந்து வந்தது. வைவாக்ஸும் இப்படி வரும். இந்த வயதில் மலேரியாவும் ரத்தத்தில் பாக்டீரியா கலந்த தொற்றும் ஒரே மாதிரி இருக்கும். ஸ்லைடு பாசிட்டிவ் என்றாலும் ஆன்டிபயாடிக்கை டாக்டர் நிறுத்தச் சொல்லும் வரை நிறுத்தாதீர்கள். தாயிடமிருந்து நேராக ரத்தம் வழியாக வந்த வைவாக்ஸ் சிசுவின் ஈரலில் தங்குவதில்லை, அதனால் குழந்தைக்கு ப்ரிமாகுவின் தேவையும் இல்லை. தாய்க்கு அந்தத் தேவை இருக்கிறது. கர்ப்பத்தில் கொடுக்காமல் வைத்திருந்த மருந்து அது. எப்போது, எந்த ஜி6பிடி முடிவுக்குப் பிறகு கொடுப்பது என்பதைத் தாயின் புத்தகத்திலும் குழந்தையின் தடுப்பூசி அட்டையிலும் எழுதி வையுங்கள். தாய் புத்தகத்தைத் தொலைத்தாலும் தடுப்பூசி அட்டையைத் தொலைப்பதில்லை.